பதினேழு நொடிக்குத் தெளிவுரை

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து நிலையம் திறந்த காலை, பதினொன்றரை மணிக்குள் முப்பத்தெட்டுப் பேருக்குக் கல்சளி இருப்பதாகச் சென்னியப்பனின் திரை சொன்னது. மாதத்துக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர் என்று சிவப்புக் காட்டிக்கொண்டிருந்த திரை அது. சென்னியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முப்பத்தொன்பது ஆகியிருந்தது.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில், பொன்னூஞ்சல் நூற்பாலையின் வாசலிலேயே அரசாங்கம் வைத்திருக்கும் சளிச் சோதனை நிலையம் அது. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு சென்னியப்பன், உதவிக்கு மயிலாத்தா. ஆலையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை ஜன்னலுக்கு வந்து குப்பியில் சளி கொடுத்து, கார்டில் பச்சை வாங்கிக்கொண்டு போக வேண்டும். பச்சை இல்லாவிட்டால் வாசற்கதவு திறக்காது.

சென்னியப்பனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர் நல்ல மனிதர், வேலையில் சுத்தம், ஆனால் குழப்பத்தை அவரால் தாங்க முடியாது. குழப்பம் வந்தால் சாப்பாடு இறங்காது. உடனே தலைமை அலுவலகத்துக்குத் ‘தெளிவுரை வேண்டி’ என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் எழுதிவிடுவார். ஒரு முறை நீலத் தாள் தீர்ந்துபோனபோது வெள்ளைத் தாளில் அச்சடிக்கலாமா என்று எழுதிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஏழு வாரம் ஒன்றையும் அச்சடிக்காமலே உட்கார்ந்திருந்தார். பதிலும் வெள்ளைத் தாளில்தான் வந்தது.

இப்போது முப்பத்தொன்பது சிவப்பு. இதற்கு யாருக்கு எழுதுவது?

கல்சளி வந்து பதினாறு வருடம் ஆகிறது. நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகவைத்து ஆளைக் கொன்ற நோய். மருந்து வந்தபிறகு சாவு குறைந்தது, பயம் குறையவில்லை. சிவப்பு என்று வந்துவிட்டால் மூன்று மணி நேரத்தில் வண்டி வரும். ஏற்றிக்கொண்டு போய்க் காப்பில்லத்தில் நூற்றெண்பது நாள் வைத்திருப்பார்கள். வேறு பேச்சுக்கு இடமில்லை.

இத்தனை வேகமும் அந்த நுண்ணலை அடுப்பால் வந்தது. முன்பெல்லாம் சளியிலிருக்கும் கிருமியை உடைத்து அதன் மரபணுவை வெளியே எடுக்க அரைநாள் ஆகும், ஐந்து மருந்து ஊற்ற வேண்டும். இப்போது ஆறு குப்பிகளை அடுப்பில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் போதும். கிருமியின் ஓடு சூட்டில் வெடித்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கிருமியும் செத்துவிடும். பக்கத்துப் பெட்டி அதைப் படித்து எட்டு நிமிடத்தில் பச்சையோ சிவப்போ சொல்லிவிடும். அடுப்பில் நேரம் வைக்கும் வசதி உண்டு, ஆனால் யாரும் அதைத் தொடுவதில்லை. முன்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கண், போதிய சூடு வந்ததைப் பார்த்ததும் தானே நிறுத்திக் கூப்பிடும்.

அன்றைக்கு முதலில் ஜன்னலுக்கு ஓடி வந்தவள் சிந்தாமணி. நூல் சுற்றும் பகுதியில் வேலை. ஆலை விடுதியிலேயே தங்கியிருப்பவள். இடுப்பில் பத்து மாதப் பையன்.

“அண்ணா, என்ற பேருக்கு நேரா செவப்பு வந்துருக்குதுங். எனக்கு இருமலே இல்லீங்களே!”

“பாத்துட்டுத்தான் இருக்கறன் அம்மிணி.”

“மூணு மணி நேரத்துல வண்டி வந்துருமாமா. பையன அங்க உள்ள உட மாட்டாங்களாமா. தொட்டில் மையத்துல உட்டுட்டுப் போகோணுமாமா.” பையனை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பத்து மாசப் பையனுங்கண்ணா. ஆறு மாசங் கழிச்சு வந்து நின்னா என்னைய யாருன்னு பாப்பான்.”

“ஊட்டுல வேற யாரும் இல்லியா?”

“நாங்களாக் கட்டிக்கிட்டமுங். ரெண்டு ஊட்டுலயும் சேத்துக்கலீங். அவரு லாரில அஸ்ஸாம் பக்கம் போயிருக்கறாரு. வாரதுக்கு இன்னும் பத்துப் பாஞ்சு நாளாகுமுங்.”

அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவரைத் தவிர யாரும் இருமவில்லை. பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதிக்காரர் ஒருவர் மட்டும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி மட்டும் யாரும் நிற்கவில்லை. சென்னியப்பன் திரையை விட்டு எழுந்தார். டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் மெஹருன்னிசா நான்கு ஆலை வாசல் நிலையங்களுக்குப் பொறுப்பு. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், திரையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தன் அதிகாரத்தில் இருந்த ஒரே பொத்தானை அமுக்கினார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வண்டி வராது.

“இருமுறவரை மட்டும் தனியா உக்கார வையுங்க. எல்லாரோட குப்பியையும் திரும்பப் போட்டுப் பாருங்க, சென்னியப்பன்.”

போட்டுப் பார்த்தார். அதே முப்பத்தொன்பது பேர். ஒரு பெயர்கூட மாறவில்லை. அதே சளியில் மீதியை மயிலாத்தாவின் மொபெட்டில் கொடுத்து அடுத்த ஆலை வாசலுக்கு அனுப்பினார். அங்கே கார்டிங்காரர் ஒருவருக்கு மட்டும் சிவப்பு. மற்ற முப்பத்தெட்டும் பச்சை.

ஒரே ஆள், ஒரே சளி, இரண்டு பதில். சென்னியப்பன் அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

குழப்பத்தை அவிழ்த்தவள் மயிலாத்தா. அவளுக்குக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெந்துவரும் குப்பிகளுக்குப் போட ஆறு மூடிகளை எடுத்து வரிசையாக அடுக்குவது அவள் வேலை.

“ஏனுங்க, இந்த அடுப்பு இப்ப நேரங் கழிச்சுக் கூப்புடறாப்பல இருக்குதுங்களே. முந்தியெல்லாம் நான் ஆறு மூடிய அடுக்கறதுக்கும் அது கூப்புடறதுக்கும் செரியா இருக்குமுங். இப்ப அடுக்கிப்போட்டுச் சும்மா நிக்கறனுங்.”

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். பதினேழு நொடி. எப்போதும் பன்னிரண்டில் கூப்பிடுகிற அடுப்பு. குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக் கண்ணின் மேல் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். விடுமுறை நாட்களில் நன்றாகக் காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. வைத்தது வேறு யாருமில்லை, அவரேதான். வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் கணினிக்கும், தராசுக்கும், மயிலாத்தாவின் மொபெட்டுக்கும் பொட்டு வைப்பவர், அந்த வருடம் புதிதாக வந்த அடுப்புக்கும் வைத்தார். நெற்றிக்கென்றே ஒதுக்கி வைத்தாற்போல வட்டமாக ஒரு இடம் இருக்கும்போது யாரும் அங்கேதான் வைப்பார்கள். பொட்டு மறைத்ததால் கண்ணுக்குச் சூடு தெரியத் தாமதமானது. அடுப்பு ஐந்து நொடி கூடுதலாக எரிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஈரப் பஞ்சால் துடைத்தார். பன்னிரண்டு நொடியில் அடுப்பு கூப்பிட்டது. சிந்தாமணிக்குப் பச்சை. மற்றவர்களுக்கும் பச்சை. கார்டிங்காரர் மட்டும் வண்டியில் போனார்.

“இயந்திரக் கோளாறு, சரிசெய்யப்பட்டது. நாலு வார்த்தை போதும்” என்றார் டாக்டர். “பொட்டு வெச்சதெல்லாம் எழுத வேண்டாம். உங்களுக்கு மெமோ வரும், எனக்கும் வரும்.”

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மறந்திருப்பார்கள். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. சென்னியப்பனுக்கு மட்டும் மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. கோளாறு என்றால் தாறுமாறாக அல்லவா சொல்ல வேண்டும்? ஒரு முறை இவருக்குச் சிவப்பு, மறுமுறை அவருக்குச் சிவப்பு என்று. இது இரண்டு முறையும் அதே ஆட்களை அல்லவா சொன்னது! மீதி எண்பது பேரைப் பதினேழு நொடியிலும் பச்சை என்றே சொன்னதே!

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு மத்தியானம், ஜன்னலில் யாரும் இல்லாத நேரம், பேர் ஒட்டாத ஒரு குப்பியில் தன் சளியையே எடுத்தார். பன்னிரண்டு நொடி வைத்தார். பச்சை. கையால் நேரத்தை மாற்றிப் பதினேழு வைத்தார்.

சிவப்பு.

நாற்பத்தாறு வயதில் ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுக்காத மனிதர். மயிலாத்தாவையும் துப்பச் சொன்னார். அவளுக்கு இரண்டிலும் பச்சை. “ஏனுங்க, என்னாச்சுங்?” என்று அவள் கேட்டதைக் காதில் வாங்காமல் நேரத்தைப் பழையபடி பன்னிரண்டுக்கு மாற்றி வைத்தார்.

அடுத்த நாள் டாக்டர் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அது தூங்குற கிருமி. எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு.”

“தூங்கறதுங்களா?”

“முழிச்சிருக்குற கிருமிக்கு ஓடு மெலிசு. பன்னெண்டு நொடிச் சூட்டுல வெடிச்சிடும். தூங்குறது கெட்டியா ஒரு ஓடு போட்டுக்கும். அது வெடிக்க இன்னும் அஞ்சு நொடி வேணும்போல இருக்கு.”

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மயிலாத்தா உள்ளே தலையை நீட்டினாள். “குக்கர்ல வெக்கறாப்பலதானுங்க டாக்டரம்மா? அரிசிக்கு மூணு விசிலு, காஞ்ச மொச்சைக்கு ஏழு விசிலு.”

“அதேதான். மூணு விசில்ல இறக்கிட்டா மொச்சை வேகாம கீழ கிடக்கும். அது இருக்கறதே நமக்குத் தெரியாது.”

“தூங்கறது எப்பங்க முழிக்கும்?” என்றார் சென்னியப்பன்.

“நூறு பேர்ல நாலு பேருக்கோ அஞ்சு பேருக்கோ முழிக்கலாம். மத்தவங்க அதை உள்ள வெச்சுக்கிட்டே எண்பது வயசு வரைக்கும் இருந்து, வேற ஏதாவது வந்து போவாங்க. யார் அந்த அஞ்சு பேர்னு சொல்ல இன்னும் கருவி வரலை.”

“அப்ப எனக்கு நோவு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“பன்னெண்டு நொடிக்கு இல்ல” என்றார் டாக்டர்.

“அந்தப் பன்னெண்ட யாருங்க முடிவு பண்ணுனது?”

“கருவி செஞ்சவங்கதான். அந்தச் சூடு போதும்னு யாரோ ஒருத்தர் அவர் மேசையில உக்காந்து நினைச்சிருப்பார்.”

சென்னியப்பனுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி. அரசாணை எண் இல்லை, நாள் இல்லை, கையெழுத்து இல்லை. யாரோ ஒருவர் நினைத்ததை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதோடு விட்டிருப்பாரோ என்னவோ. சிந்தாமணி விடவில்லை. அந்த வாரம் ஷிப்ட் முடிந்து வந்து ஜன்னலில் நின்றாள்.

“அண்ணா, ஒன்னு கேக்கோணுமுங். அன்னிக்கு ரெண்டு தடவ செவப்பு வந்துச்சு. பொறவு பச்சைன்னீங்க. நான் எதுங்கண்ணா?”

“பச்சைதான் கண்ணு. மிசினுக் கோளாறு.”

“பையனுக்கு இன்னும் பால் குடுத்துட்டு இருக்கறனுங். பயமா இருக்குது. டாக்டரம்மா குடுக்கலாம்னுட்டாங்க. அவிய எல்லாத்துக்கும் அதேதான் சொல்லுவாங்க. மிசினப் பாத்தது நீங்கதான. நீங்க சொல்லுங், நான் குடுக்கறன்.”

இருக்கிறது என்று சொன்னால் அவள் செத்துப்போவாள். இல்லை என்று சொன்னால் அது சென்னியப்பன் கண்ணால் கண்டதற்கு மாறு. “நானும் குடிச்ச பாலுதான் கண்ணு, நானும் நல்லாத்தான் இருக்கறன்” என்று சம்பந்தமில்லாமல் எதையோ உளறினார். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் தாளை எடுத்தார். எழுதப்போகிறார் என்று தெரிந்ததும் டாக்டர் தடுத்தார்.

“வேண்டாம், சென்னியப்பன். நமக்குத் தெரிஞ்சது நம்மளோட இருக்கட்டும்.”

“ஒரு கேள்விதானுங்க டாக்டரம்மா. பெரியவங்க நாலு பேரு உக்காந்து ரோசன பண்ணி இதுதான்னு சொல்லீட்டாங்கன்னா, அந்தப் புள்ளைக்கு நான் தைரியமாப் பதில் சொல்லுவன்.”

“கேள்வி கேட்டா பதில் வரும். அதுதான் என் பயம்.”

சென்னியப்பனுக்கு அது புரியவில்லை. கேள்விக்குப் பதில் வந்தால் நல்லதுதானே? எழுதினார். பொட்டு வைத்ததைக்கூட ஒளிக்காமல் எழுதினார். பன்னிரண்டு நொடியில் பச்சையும் பதினேழு நொடியில் சிவப்பும் காட்டுகிற ஒருவரை நோயாளி என்று கொள்வதா, நோயற்றவர் என்று கொள்வதா, அன்னார் பாலூட்டும் தாயாக இருப்பின் என்ன சொல்வது என்பன குறித்துத் தெளிவுரை வேண்டி. தங்கள் உண்மையுள்ள. அஞ்சலில் சேர்த்த அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டார்.

ஐந்து மாதம் பதிலில்லை. அதற்குள் சிந்தாமணியின் பையன் நடக்கத் தொடங்கிவிட்டான். அவள் மாதா மாதம் வந்து பச்சை வாங்கிக்கொண்டு போனாள். நூல் விலை விழுந்து ஆலையில் மூன்றாவது ஷிப்ட் நின்றது. சென்னியப்பன் தினமும் காலையில் திரையைத் திறந்ததும் முதலில் கடிதம் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

வந்தது. மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. வெறும் கடிதம் இல்லை, மாநிலம் முழுவதற்குமான சுற்றறிக்கை. ‘காங்கேயம் வட்டார நிலையத்தின் பயனுள்ள கள அறிக்கையின் பேரில்’ என்று தொடங்கியிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதியதற்கு ஒரு சுற்றறிக்கை!

மொத்தம் ஒன்பது ஷரத்துகள். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மூன்றாம் முறை விரலை வைத்துக்கொண்டு படித்தார். யார் நோயாளி என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நான்காவது ஷரத்தில், நுண்ணலை நேரம் இனிப் பன்னிரண்டு முதல் பதினேழு நொடி வரை, சம்பந்தப்பட்ட நிறுவனம் கேட்டுக்கொள்ளும் அளவுக்கேற்பத் தலைமையகத்திலிருந்தே அமைக்கப்படும் என்று இருந்தது. ஆறாவது, நாற்பத்தெட்டு மணி நேரம் நிறுத்திவைக்கும் டாக்டரின் அதிகாரத்தை எடுத்துவிட்டது. ஒன்பதாவது, பொடி எழுத்தில், நிலைய ஊழியருக்கும் அதே நொடிதான் என்றது. சென்னியப்பன் போன்ற தொழில்நுட்பருக்குச் சிவப்பு வந்தால் நிலையத்தைப் பத்து நாள் மூடி வைக்க வேண்டும், அதுவரை எல்லோருடைய பழைய கார்டும் செல்லும்.

நிறுவனம் ஏன் நொடியைக் கேட்க வேண்டும்? நோய்க்கும் நிறுவனத்துக்கும் என்ன சம்பந்தம்? சென்னியப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

புரியவைக்க மறுநாளே ஆள் வந்தார். ஆலையின் மனிதவள மேலாளர் பிரேமானந்த். தங்கமான பேச்சு. ஜன்னலில் நிற்காமல் உள்ளே வந்து, கையைக் குலுக்கினார்.

“சார், உங்க லெட்டர்தானுங்க எங்களுக்கு வழி காட்டுச்சு. நெம்ப நன்றிங்க.”

“என்ன வழிங்க?”

“ஆர்டர் கொறஞ்சுபோச்சுங்க. நாப்பது பேருக்கு மேல மிச்சமா நிக்கறாங்க. ஆளக் கொறைக்கறதுன்னா நோட்டீசு குடுக்கோணும், சங்கத்துக்காரங்க வருவாங்க, பேப்பர்ல போடுவாங்க. எங்குளுக்கும் மனசு கஷ்டந்தானுங்க, யாரப் போகச் சொல்றது? இப்ப அந்தப் பிரச்சினையே இல்லீங்க. பதினேழு வெச்சாச்சுன்னா மிசினே சொல்லிருது. ஒடம்பு செரியில்லாதவங்கள நாங்க வெச்சுக்க முடியாதுங்களே. கவர்மென்டே கூட்டிட்டுப் போயிச் சோறு போட்டுப் பாத்துக்குது.”

“ஆர்டரு திரும்ப வந்தாங்க?”

“பன்னெண்டுக்கு வந்துருவமுங்க” என்றார் பிரேமானந்த், அதில் என்ன சந்தேகம் என்பதுபோல. “நாளைக்கு வார வரிசைக்குப் பதினேழு கேட்டு எழுதியாச்சுங்க. நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம். எப்பவும்போலப் பொத்தான அமுக்குனாப் போதும்.”

அவர் போனபிறகு சென்னியப்பன் டாக்டருக்குப் போன் போட்டார். “சுற்றறிக்கையைப் பாத்தேன்” என்றார் டாக்டர். நான் அன்னைக்கே சொன்னேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மயிலாத்தா வெளியே போய் நின்றுகொண்டாள்.

புதன்கிழமை காலை எட்டு மணி. திரையின் மூலையில் 17 என்று எழுதியிருந்தது. அழித்துப் பார்த்தார். மறுபடி 17 என்றே வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே நூற்றிச் சொச்சம் பேர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சுற்றறிக்கைச் செய்தி அதற்குள் விடுதி முழுவதும் பரவியிருந்தது. முன்னால் மூன்றாவதாக நின்றவள், மற்றவர்கள் வழிவிட, முதலாவதாக வந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் சிவப்பு வந்தவள் அவள் என்பது எல்லோருக்கும் தெரியும். சிந்தாமணியின் கையில் சளிக் குப்பி இருந்தது.

“இன்னிக்கு எத்தன நொடிங்கண்ணா?”

பொய் சொல்ல நினைத்தார். வரவில்லை. “பதினேழு கண்ணு.”

ஜன்னலுக்குள் நீண்ட கை குப்பியோடு பின்னால் போனது. “நாளைக்கு வந்து குடுத்தா?”

“நாளைக்கும் அதுதான்.”

“நீங்க எழுதிக் கேட்டிருக்கறதா மயிலாத்தாக்கா சொன்னாங்களே. மேல இருந்து பதிலு வருமுன்னு. என்ன பதிலுங்கண்ணா வந்துச்சு?”

சென்னியப்பன் திரையின் மூலையைப் பார்த்தார். “இதுதான் கண்ணு பதிலு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. “என்னையப் பத்தித்தான கேட்டீங்க, எனக்காவத்தான கேட்டீங்க” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் அவளிடமிருந்து குப்பியை வாங்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து புதிதாக ஒரு குப்பியை எடுத்தார். அதில் தன் பெயரையும் ஊழியர் எண்ணையும் முழுசாக எழுதி ஒட்டினார். திரும்பி நின்று, காறி, துப்பினார்.

மயிலாத்தா பதறிப்போனாள். “ஏனுங்க, உங்களுத வெச்சாச் செவப்பு வருமுங்களே! பேரு வேற ஒட்டிப்போட்டீங்க!”

“வரட்டும்.”

ஆறு குழிகளில் ஒன்றில் தன் குப்பியை மட்டும் வைத்துக் கதவை மூடினார். பிறகு ஜன்னலண்டை வந்து குனிந்தார்.

“உன்ற புருசன் இந்தத் தடவ லாரியில எப்ப வாரான்?”

“நாளான்னிக்குங்.”

“நல்லாக் கேட்டுக்க. எனக்குச் செவப்பு வந்தா இந்தக் கதவப் பத்து நாளைக்குப் பூட்டிருவாங்க. அது வரைக்கும் உன்ற பழைய கார்டு செல்லும், கேட்டுல யாரும் தடுக்க முடியாது. அவன் வந்ததும் பையனத் தூக்கிட்டு, வேலைய எழுதிக் குடுத்துட்டு, வெளிய போயிரு. வேலையில இல்லாதவங்களுக்குச் சோதனையே இல்ல.”

“வேல போயிருமுங்களேண்ணா.”

“போகும். அதுக்கு என்னால ஒன்னும் பண்ண முடியாது. பையன் உங்கூட இருப்பான், அது மட்டுந்தான். உன்ற பின்னால நிக்கறவங்களுக்கும் சொல்லீரு. அன்னிக்குச் செவப்பு வந்த எல்லாத்துக்கும்.”

“உங்களுக்குங்கண்ணா?”

“நூத்தியெம்பது நாளு உக்கார வெச்சுச் சோறு போடறாங்க. உள்ள போயி, அங்க இருக்கற அத்தன பேருத்தையும் எத்தன நொடியில வந்தீங்கன்னு கேட்டு எழுதிட்டு வாரன்.”

பொத்தானை அமுக்கினார். பதினேழு நொடி கழித்து அடுப்பு கூப்பிட்டது. குப்பியைப் பக்கத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. ஐந்து மாதம் ஆகிவிட்டதே, பச்சை வந்து தொலைத்தால்? இத்தனை வருடம் அந்தத் திரையின் முன்னால் எத்தனையோ பேருக்காகப் பச்சை வர வேண்டும் என்று நினைத்தவர், இப்போது சிவப்பு வா, சிவப்பு வா என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இது நோயை வேண்டுவதா, வேறு எதையாவது வேண்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

எட்டாவது நிமிடம் திரை சிவந்தது.

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று தட்டியவருக்கே தெரிந்திருக்காது, பாதியில் நிறுத்திவிட்டார். சென்னியப்பன் ஒன்பதாவது ஷரத்தைக் குறிப்பிட்டு மூன்று வரியில் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார். தெளிவுரை எதுவும் கேட்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நிலையத்தின் கதவைத் தானே பூட்டினார்.

திரும்பிப் பார்த்தபோது வரிசையின் முதல் இடம் காலியாக இருந்தது. சிந்தாமணி, பையனை விட்டுவந்த விடுதியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.